சோல் இசை என்றால் என்ன? மார்வின் கேயின் 35 நிமிடங்களில் தொடங்கலாம்

திலக் நகர் ஸ்டேஷனில் தினமும் ஏறுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். ஹார்பர் லைனில் சி.எஸ்.எம்.டி. போய்ச் சேர ஏறக்குறைய அரை மணி நேரம். குர்லாவில் இறங்குகிற கூட்டத்தைவிட ஏறுகிற கூட்டம் அதிகம். உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்த நேரத்தில் உங்கள் கையில் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: இயர்போனில் என்ன ஓடுகிறது என்பது.

அந்த அரை மணி நேரத்துக்கு ஓர் ஆல்பத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. மார்வின் கே பாடிய 'வாட்ஸ் கோயிங் ஆன்'. 1971 மே 21 அன்று வெளியானது. ஒன்பது பாடல்கள், மொத்தம் 35 நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம். 2020-ல் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை எக்காலத்துக்குமான 500 சிறந்த ஆல்பங்களைப் பட்டியல் போட்டபோது முதல் இடத்தில் வைத்தது இதைத்தான்.

மியூசிக் ஆப்களில் 'சோல்' என்று ஒரு வகை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை 'ஆன்மா' என்று மொழிபெயர்த்துப் பார்த்தால் ஏதோ தியான இசை, யோகா கிளாஸில் போடுவது என்று தோன்றும். நானும் அப்படி நினைத்துத்தான் பல நாள் அதைத் தாண்டிப் போனேன். அது தியான இசை இல்லை. சொல்லப்போனால் அதற்கு நேர் எதிர்.

சரி, சோல்னா என்ன?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் ஒரு பாடும் முறை வளர்ந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாடிப் பாடி உருவாக்கியது. 1930-களில் அதற்கு 'காஸ்பெல்' என்ற பெயர் நிலைத்தது. அந்த முறை தேவாலயத்தின் கதவைத் தாண்டி வெளியே வந்து, கடவுளிடம் பேசிய அதே குரலில் காதலியிடமும் தெருவிடமும் அரசாங்கத்திடமும் பேச ஆரம்பித்ததுதான் சோல்.

அந்த முறையில் அப்படி என்ன இருக்கிறது? முக்கியமாக இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, கேள்வியும் பதிலும். பாதிரியார் ஒரு வரி சொல்ல, சபை திருப்பிச் சொல்லும். நடுவே 'ஆமென்' என்று குரல் எழும். இது உங்களுக்குப் புதிது இல்லை. தாராவித் தமிழர்களில் பலருக்குப் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. அங்கே கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருந்தால், கதை சொல்கிறவர் ஒவ்வொரு வாக்கியம் முடிக்கும்போதும் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவது ஞாபகம் இருக்கும். அந்த 'ஆமா' இல்லாவிட்டால் கதை நகராது. சோலிலும் அப்படித்தான். பின்னணிக் குரல்கள் அலங்காரத்துக்கு நிற்பதில்லை, பதில் சொல்ல நிற்கின்றன. சில நேரம் குரலுக்குப் பதிலாகச் சாக்ஸபோனே 'ஆமா' போடும்.

இரண்டு, ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு பல சுரங்களுக்குப் போவது. நம்ம ஊர் பிர்காவைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது சட்டென்று பிடிபடும். ஆனால் ஒரு வித்தியாசம். கர்நாடக சங்கீதத்தில் அந்த வளைவு ராகத்துக்குக் கட்டுப்பட்டது. சோல் பாடகர் குரலை உடைத்துக்கூடப் பாடலாம். கத்தலாம், முனகலாம், பாதியில் பேசவும் செய்யலாம். நல்ல ஒப்பாரி கேட்டவர்களுக்கு இது புரியும்.

இந்தக் குரல் வெளியே வந்தபோது எதிர்ப்பு வராமல் இல்லை. 1954-ல் ரே சார்ல்ஸ் ஒரு காஸ்பெல் பாட்டின் மெட்டையும் துடிப்பையும் எடுத்துக் காதல் பாட்டாக்கினார். 'ஐ காட் எ வுமன்' பெரிய ஹிட். சாமிக்குப் பாடுகிற தொண்டையில் காதலியைப் பாடுவதா என்று திட்டியவர்களும் உண்டு. சாம் குக் காஸ்பெல் குழுவின் நட்சத்திரமாக இருந்து சினிமா ஹீரோ மாதிரிப் புகழோடு பாப் பக்கம் வந்தார். அரீத்தா ஃபிராங்க்ளினின் அப்பா டெட்ராய்ட்டில் புகழ்பெற்ற பிரசங்கி. மார்வின் கேயின் அப்பாவும் பாதிரியார்தான். அந்த அப்பாவிடம் பின்னால் வருகிறேன்.

ஃபேக்டரியில் செய்த பாட்டு

1959-ல் டெட்ராய்ட் நகரில் பெர்ரி கோர்டி என்பவர் குடும்பத்திடம் 800 டாலர் கடன் வாங்கி ஓர் இசை நிறுவனம் தொடங்கினார். அதுதான் மோடவுன். டெட்ராய்ட் கார் ஊர். கோர்டியே கார் ஃபேக்டரி அசெம்பிளி லைனில் வேலை பார்த்தவர். பாட்டையும் அப்படியே செய்தார். ஒருவர் எழுத, ஒருவர் மெட்டுப் போட, ஒரே வாத்தியக் குழு எல்லாப் பாட்டுக்கும் வாசிக்க, கடைசியில் 'குவாலிட்டி கன்ட்ரோல்' மீட்டிங். ஆமாம், நிஜமாகவே அந்தப் பெயரில் வாராந்திர மீட்டிங். அங்கே பாஸ் ஆனால்தான் பாட்டு வெளியே வரும். வாராவாரம் ரிவ்யூ மீட்டிங்கில் உட்காருகிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

அந்த முறை தோற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1960-களில் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் வாங்கிக் கேட்ட கறுப்பினப் பாடல்களில் பெரும்பங்கு அந்தச் சின்ன வீட்டிலிருந்து வந்தவை. மார்வின் கே அங்கே முதலில் டிரம்ஸ் வாசித்தவர். பிறகு பாடகர், பிறகு நட்சத்திரம். கோர்டியின் அக்கா அன்னாவைக் கல்யாணம் செய்துகொண்டதால், முதலாளியே அவருக்கு மச்சான்.

டாமி டெரல் என்ற பாடகியோடு சேர்ந்து கே பாடிய ஜோடிப் பாடல்கள் பெரும் புகழ் பெற்றன. 1967-ல் ஒரு மேடையில் டாமி மயங்கி அவர் கைகளிலேயே சரிந்தார். மூளையில் கட்டி. 1970 மார்ச்சில் இறந்தபோது டாமிக்கு வயது 24. கே மேடை ஏறுவதையே விட்டுவிட்டார். அந்த நாட்களில் டெட்ராய்ட் லயன்ஸ் அணியில் சேர்ந்து அமெரிக்கக் கால்பந்து விளையாடப் போகிறேன் என்று உடற்பயிற்சியெல்லாம் செய்தார். அணி சேர்க்கவில்லை. ஆனால் அங்கே கிடைத்த இரண்டு ஆட்டக்கார நண்பர்களின் குரல் ஆல்பத்தின் முதல் நொடிகளிலேயே உங்களுக்குக் கேட்கும்.

மச்சான் சொன்ன 'நோ'

1969 மே மாதம், கலிஃபோர்னியாவின் பெர்க்லி. ஒரு பூங்காவுக்காகப் போராடிய இளைஞர்களைப் போலீஸ் அடித்ததைப் பார்த்தார் ரெனால்டோ பென்சன். மோடவுனின் 'ஃபோர் டாப்ஸ்' குழுவில் பாடியவர். என்னதான் நடக்குது இங்கே என்று அவருக்குள் எழுந்த கேள்வியே ஒரு பாட்டானது. அவருடைய குழுவினர் 'இது போராட்டப் பாட்டு, வேண்டாம்' என்று ஒதுங்க, அது மார்வின் கேயிடம் வந்தது. கே வரிகளை மாற்றினார், மெட்டை வளர்த்தார், தன் வீட்டையே அதற்குள் கொண்டுவந்தார். தம்பி ஃபிராங்கி வியட்நாம் போரிலிருந்து திரும்பியிருந்தார். அங்கே பார்த்ததை அண்ணனிடம் சொல்லியிருந்தார்.

1970-ல் பாட்டைப் பதிவு செய்து கொண்டுபோனபோது கோர்டிக்குப் பிடிக்கவில்லை. பழைய பாணி, அரசியல், விற்காது. கே பதிலுக்கு ஒரே வார்த்தைதான் சொன்னார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்ட்ரைக். இது வெளிவராமல் வேறு எதையும் பாட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். 1971 ஜனவரியில் நிறுவனத்தின் மற்ற அதிகாரிகள் அதை வெளியிட, சிங்கிள் பறந்தது. பில்போர்டின் பொதுப் பட்டியலில் இரண்டாம் இடம், ஆர் அண்ட் பி பட்டியலில் முதல் இடம். உடனே கோர்டிக்கு முழு ஆல்பமே வேண்டும், அதுவும் சீக்கிரம். மார்ச் மாதத்தில் சுமார் பத்து நாளில் மீதிப் பாடல்கள் பதிவாகின.

இதை நான் வெறும் வெற்றிக் கதையாகச் சொல்லவில்லை. யோசித்துப் பாருங்கள்: முப்பத்தோரு வயது, பெயர் இருக்கிறது, ஆனால் வேலை, வீடு, கல்யாணம் மூன்றுமே ஒரே குடும்பத்தின் கையில். அந்த நிலையில் 'மாட்டேன்' என்று சொல்வது ஆல்பத்தில் பாடுவதைவிடக் கஷ்டமான காரியம்.

ஒரு தவறும் ஒரு வார்ம்-அப்பும்

இந்த ஆல்பத்தில் ஏன் சோல் இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது? பதில் ஒரு டெக்னிக்கல் தவறில் இருக்கிறது.

முதல் பாட்டின் முன்னணிக் குரலை கே இரண்டு முறை பாடிப் பதிவு செய்திருந்தார். எது நல்லது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சவுண்ட் இன்ஜினியர் கென் சாண்ட்ஸ் தவறுதலாக இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டார். ஒரே மனிதரின் இரண்டு குரல்கள். ஒன்று பாட, இன்னொன்று கொஞ்சம் விலகி, சில இடங்களில் முந்தி, சில இடங்களில் பதில் சொல்லி. கே அதை அப்படியே வைத்துக்கொண்டார். பிறகு அதுவே அவருடைய அடையாளமாகிவிட்டது.

நான் சொன்ன 'ஆமா'வை இங்கே பொருத்திப் பாருங்கள். தேவாலயத்தில் ஒருவர் பாட, ஊரே பதில் சொன்னது. இங்கே தனியாக இருக்கிற ஒருவன் தனக்குத்தானே பதில் சொல்லிக்கொள்கிறான். இயர்போனில் கேட்டால் இரண்டு குரலும் தனித்தனியாகத் தெரியும். போன் ஸ்பீக்கரில் கேட்டால் கலங்கிவிடும், தயவுசெய்து வேண்டாம்.

தொடக்கத்தில் வருகிற சாக்ஸபோன் துண்டும் இப்படித்தான். ஈலை ஃபான்டெய்ன் ரெக்கார்டிங்குக்கு முன்னால் சும்மா வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கே அதைப் பதிவு செய்துவிட்டு, போதும், வீட்டுக்குப் போகலாம் என்றார். பேஸ் கிட்டார் ஜேம்ஸ் ஜேமர்சன். அன்று குடித்திருந்ததால் உட்கார முடியாமல் தரையில் மல்லாந்து படுத்தபடியே வாசித்தார் என்பது இசை உலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. அந்த பேஸை மட்டும் ஒருமுறை தொடர்ந்து கேளுங்கள். தாளத்துக்குக் கீழே இன்னொரு பாட்டு போய்க்கொண்டிருக்கும்.

ஜேமர்சனும் அவருடைய சகாக்களான 'ஃபங்க் பிரதர்ஸ்' குழுவும் மோடவுனின் ஹிட்டுகளில் எத்தனையோ வாசித்தவர்கள். ஆனால் ரெக்கார்டு உறையில் பெயர் வராது. முதன்முறையாகப் பெயர்கள் அச்சானது இந்த ஆல்பத்தில்தான். இளையராஜா பாட்டில் வரும் அந்தப் புல்லாங்குழல் யார் வாசித்தது என்று தேடிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். 1983-ல் மோடவுனின் 25-ஆம் ஆண்டு விழா நடந்தபோது ஜேமர்சனுக்கு அழைப்பு இல்லை. பிளாக்கில் டிக்கெட் வாங்கி மாடியில் உட்கார்ந்து பார்த்தார் என்கிறார்கள். அதே ஆண்டு இறந்தார்.

ரயிலில் கேட்கும்போது

ஷஃபிளில் போடாதீர்கள். இது முதல் வேண்டுகோள். முதல் ஆறு பாடல்களும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து ஓடுகின்றன. அதுதான் பழைய ரெக்கார்டின் முதல் பக்கம்.

திலக் நகரில் ஏறும்போது ஒரு பார்ட்டிச் சத்தத்தோடு ஆரம்பிக்கும். நண்பர்கள் குசலம் விசாரிக்கிறார்கள். பாட்டு கோபமாக இல்லை, இதுதான் முதல் ஆச்சரியம். அம்மாவிடமும் சகோதரனிடமும் அப்பாவிடமும் தணிந்த குரலில் பேசுகிற ஒரு பிள்ளை. இரண்டாவது பாட்டு போரிலிருந்து திரும்பியவன் ஊர் நிலவரம் விசாரிப்பது: வேலை கிடைக்குதா, பழைய நண்பர்கள் எங்கே, நாம போய்க்கொண்டிருந்த இடம் இன்னும் இருக்கா. சுனாபட்டி தாண்டும்போது மூன்றாவது வந்துவிடும். போதைக்கு அடிமையானவனின் பாட்டு. அதன் தலைப்பு ஒரு விமான நிறுவனத்தின் விளம்பர வாசகத்தைத் திருப்பிப் போட்டது. 'சேவ் தி சில்ட்ரன்' பாட்டில் ஒரு குரல் வரியைப் பேசும், இன்னொரு குரல் அதையே பாடும். சோல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் விளக்கம் சொல்லாமல் இந்த நான்கு நிமிடத்தைப் போட்டுக் காட்டலாம்.

ஆறாவது, 'மெர்சி மெர்சி மீ'. இதைத்தான் நம்ம பகுதிக்காரர்கள் நின்று கேட்க வேண்டும். மூன்றே நிமிடம், மெத்தென்ற மெட்டு. எதுவும் தெரியாமல் கேட்டால் காதல் பாட்டு என்றே நினைப்பீர்கள். பாடுவதோ கடலில் கொட்டிய எண்ணெய், மீனுக்குள் போன பாதரசம், காற்றில் விஷம், கதிர்வீச்சு. திலக் நகரிலிருந்து சில கிலோமீட்டரில் மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகள். அதற்கும் அந்தப் பக்கம் ட்ராம்பேயில் உரத் தொழிற்சாலையும் அணு ஆராய்ச்சி மையமும். கிழக்கே தேவ்நார் குப்பைமேடு. 2016 ஜனவரியில் தேவ்நார் எரிந்தபோது செம்பூரில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த குடும்பங்களுக்கு 1971-ன் இந்தப் பாட்டு பழசு இல்லை. இதைத்தான் சோலின் தந்திரம் என்று நினைக்கிறேன்: புகாரை வேண்டுதலின் குரலில் சொல்வது. கோஷம் போட்டால் காதைப் பொத்திக்கொள்கிறவன்கூட இதை முணுமுணுத்துக்கொண்டே வேலைக்குப் போவான்.

ஏழாவது பாட்டு 'ரைட் ஆன்' ஏழு நிமிடத்துக்கு மேல் போகிறது. எனக்கு அது எப்போதும் கொஞ்சம் நீளம். அடுத்து ஒரு பிரார்த்தனை. கடைசியாக 'இன்னர் சிட்டி புளூஸ்': சந்திரனுக்கு ராக்கெட் விடக் காசு இருக்கிறது, விலை ஏறுகிறது, வரி கட்ட முடியவில்லை, போலீஸும் சும்மா இருப்பதில்லை. காங்கா மேளம் மட்டும் நிதானமாக நடக்கும். முடியும் இடத்தில் முதல் பாட்டின் மெட்டு திரும்ப வந்து நிற்கும். ரயில் சரியான நேரத்துக்கு ஓடினால் அப்போது நீங்கள் சி.எஸ்.எம்.டி.யில் இறங்கி வெளியே நடந்துகொண்டிருப்பீர்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் காலா கோடா. இந்த மாதிரி ரெக்கார்டுகளைத் தேடி ஒரு காலத்தில் மும்பை போன இடமான ரிதம் ஹவுஸ் அங்கேதான் இருந்தது. 2016-ல் மூடிவிட்டார்கள்.

மும்பைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடியாகவே உண்டு. ஆஷா புத்லி என்ற பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? மும்பையில் பிறந்தவர். அமெரிக்கா போய், 1971-ல், அதாவது இதே ஆண்டில், ஜாஸ் மேதை ஆர்னெட் கோல்மனின் 'சயின்ஸ் ஃபிக்ஷன்' ஆல்பத்துக்காக இரண்டு பாடல்கள் பாடினார். பிறகு சோலும் டிஸ்கோவும் கலந்த தனி ஆல்பங்கள். 1976-ல் வந்த 'தி டெவில் இஸ் லூஸ்' ஆல்பத்தின் 'ஸ்பேஸ் டாக்' பாட்டிலிருந்து ஒரு துண்டை 1997-ல் ராப் பாடகர் நட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் ஆல்பத்தில் சாம்பிள் எடுத்தார்கள். மும்பைப் பெண்ணின் குரல் நியூயார்க் ராப்புக்குள் போனது.

இன்னொரு வழி தாராவி. 2018-ல் வந்த 'காலா' படத்தில் சந்தோஷ் நாராயணன் இசையில் தாராவியின் 'டோப்அடெலிக்ஸ்' குழு ராப் பாடியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஹிப்-ஹாப் பிறந்ததே பழைய சோல், ஃபங்க் ரெக்கார்டுகளை வெட்டி ஒட்டித்தான். தெருவின் கணக்கைத் தெருவின் பேச்சிலேயே சொல்வது என்று இன்றைக்கு நாம் ராப்பில் ரசிப்பதன் ஒரு வேர் 'இன்னர் சிட்டி புளூஸ்' மாதிரிப் பாடல்களில் இருக்கிறது. தமிழ் ராப் பிடிக்கும், இங்கிலீஷ் பழைய பாட்டு பிடிக்காது என்கிறவர்கள் கடைசிப் பாட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம், தப்பில்லை.

பிறகு என்ன ஆனது?

ஆல்பத்திலிருந்து மூன்று பாடல்கள் பில்போர்டின் முதல் பத்துக்குள் வந்தன. என்ன பாட வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமை மோடவுனில் கேவுக்குக் கிடைத்தது. 21 வயதான ஸ்டீவி வொண்டரும் அந்த உரிமையைப் பேரம் பேசி வாங்கினார். 1976-ல் அவர் கொடுத்த 'சாங்ஸ் இன் தி கீ ஆஃப் லைஃப்' உங்கள் அடுத்த ஆல்பமாக இருக்கலாம். நீளமானது, ரயிலுக்கு ஆகாது, ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். சின்ன வயதிலிருந்தே மகனை அடித்து வளர்த்தவர். மகனின் புகழ் வளர்ந்தும் அந்த உறவு சரியாகவில்லை. 1984 ஏப்ரல் 1 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில் நடந்த சண்டையில், அப்பா மகனைச் சுட்டுக் கொன்றார். துப்பாக்கி மகன் வாங்கிக் கொடுத்தது. மறுநாள் மார்வின் கேவுக்கு 45-ஆவது பிறந்தநாள். இது தெரிந்த பிறகு முதல் பாட்டை மறுபடி கேட்டுப் பாருங்கள், அவர் அப்பாவைக் கூப்பிடுகிற இடத்தில்.

எட்டாவது பாட்டைப் பிரார்த்தனை என்று சொல்லிவிட்டு வேகமாகத் தாண்டினேன் இல்லையா? 'ஹோலி ஹோலி'. ஆல்பம் வந்த சில மாதங்களில், 1972 ஜனவரியில், அரீத்தா ஃபிராங்க்ளின் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு தேவாலயத்தில் இரண்டு இரவுகள் பாடினார். 'அமேஸிங் கிரேஸ்' என்று அது ஆல்பமாக வந்தது. அதிலும் 'ஹோலி ஹோலி' இருக்கிறது. தேவாலயத்திலிருந்து வெளியே போன குரல், ஒரு பாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே திரும்பி வந்த மாதிரி. அந்த இரவுகளைப் படமும் பிடித்தார்கள், ஆனால் கிளாப் போர்டு அடிக்க மறந்ததால் படத்தையும் சத்தத்தையும் பொருத்த முடியாமல் பல பத்தாண்டுகள் பெட்டியில் கிடந்தது. 2018-ல்தான் திரைக்கு வந்தது. பாடகர் குழு எழுந்து நின்று பதில் சொல்வதை அதில் கண்ணாலேயே பார்க்கலாம்.